கண்ணளவை எழுத்தாக்குவது எப்படி: வீட்டுச் சமையல் குறிப்பைப் பிறரும் சமைக்கும்படி எழுத முழுமையான வழிகாட்டி

"சித்தி, ஒரு மணி நேரத்துக்கு மேல கொதிக்குது. பருப்பு இன்னும் நறுக்கு நறுக்குனு கடிபடுது. தண்ணி வேற வத்திப்போச்சு, இன்னும் ஊத்தவா?"

அக்கா மகள் தனியாக வீடெடுத்துத் தங்கிய முதல் வாரம். அவளுக்குப் பிடித்த பருப்புத் தக்காளிக் குழம்பை நான்கு வரியில் எழுதிக் கைப்பேசியில் அனுப்பியிருந்தேன். "பருப்பு, தக்காளி, மஞ்சள் போட்டு வேகவிடு. வெங்காயம், பூண்டு தாளித்துக் கொட்டு. உப்பு பார்த்துப் போடு. கடைசியில் எலுமிச்சை பிழி."

அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. எந்தப் பருப்பு என்று நான் எழுதவில்லை. கையில் கிடைத்த கடலைப்பருப்பைப் போட்டிருந்தாள். நான் செய்வது மசூர் பருப்பில். தக்காளியை முதலிலேயே சேர்க்கச் சொன்னதும் நான்தான். புளிப்பு பட்டால் பருப்பு மெதுவாகத்தான் மசியும். என் வீட்டில் குக்கர் அந்தக் குறையை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. அவளிடம் இருந்ததோ சாதாரணப் பாத்திரம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலை ஒவ்வொன்றாக முறையாக எழுதி, புதிதாகச் சமைப்பவர்கள் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்து வருகிறேன். அளவு தெரியாமல் கெடுகிற சமையலைவிட, பதம் தெரியாமல் கெடுகிற சமையல்தான் அதிகம். "ஆயிடுச்சா, இன்னும் ஆகணுமா?" என்று கரண்டியோடு நிற்கும் அந்த நிமிடத்துக்குக் குறிப்பில் பதில் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை நோக்கித்தான் போகின்றன. ஒரு குறிப்புக்கு இரண்டு சமையலும், எழுத ஒரு மணி நேரமும் ஒதுக்குங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. 5 மில்லி தேக்கரண்டி, 15 மில்லி மேசைக்கரண்டி. மில்லி கோடு போட்ட அளவுக் குவளை. கடிகாரம். காகிதமும் பென்சிலும், சமைக்கும்போது கை ஈரமாக இருக்கும், கைப்பேசித் திரை தொட்டால் கேட்காது.

தராசு இல்லாமலும் எழுதலாம். ஆனால் அந்த ஒரு பொருள் பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும் என்பதால் முதலில் அதைத் தேடுங்கள்.

1. கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியதை எடுங்கள்

வருடத்துக்கு ஒருமுறை செய்யும் பெரிய பதார்த்தத்தை முதலில் தொடாதீர்கள். வாரம் ஒருமுறையாவது செய்வது, பத்துப் பொருளுக்குள் அடங்குவது, ஒரு மணி நேரத்துக்குள் முடிவது நல்ல தொடக்கம். அடிக்கடி செய்வதில்தான் உங்கள் கை ஒரே மாதிரி வேலை செய்யும். கை ஒரே மாதிரி வேலை செய்தால்தான் அதை அளக்க முடியும்.

2. வழக்கம்போல் சமையுங்கள், அளவை மட்டும் பிடியுங்கள்

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். முதலில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுகிறார்கள். நினைவு, கை செய்வதில் பாதியை விட்டுவிடும். "உப்பு ஒரு கரண்டி" என்று மனசு சொல்லும்; கை ஒன்றரைக் கரண்டி போட்டு, கடைசியில் இன்னொரு சிட்டிகை தூவியிருக்கும்.

இன்னொரு தவறு, அளவுக் கரண்டியால் அளந்து போட்டுச் சமைப்பது. அப்படிச் செய்தால் உங்கள் சமையலின் ருசி மாறிவிடும். மாறிய ருசியைத்தான் எழுதுவீர்கள். கையைக் கட்டுப்படுத்தாதீர்கள்.

அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. உப்பு டப்பாவை அப்படியே தராசில் வையுங்கள். 412 கிராம் என்று காட்டுகிறது, குறித்துக்கொள்ளுங்கள். சமைக்கும்போது வழக்கம்போல் கையால் அள்ளிப் போடுங்கள், ருசி பார்த்து மீண்டும் போடுங்கள். இறக்கியபின் டப்பாவைத் திரும்பவும் வையுங்கள். 402 காட்டினால் நீங்கள் போட்டது 10 கிராம். எண்ணெய்ப் பாட்டிலுக்கும் இதே கணக்கு. தண்ணீருக்கு ஒரு லிட்டர் குவளையில் நிரப்பி வைத்து, கடைசியில் மிச்சத்தைப் பாருங்கள்.

வெங்காயம், தக்காளி போன்றவற்றை நறுக்கிய பிறகு நிறுங்கள். தோலும் காம்பும் போக எவ்வளவு என்பதுதான் தேவை.

மஞ்சள்தூள், மிளகுத்தூள் மாதிரி சின்ன அளவுகளுக்குத் தராசு உதவாது. 1 கிராமுக்குக் கீழே வீட்டுத் தராசு தடுமாறும். அவற்றை மட்டும் கையால் எடுத்து, பாத்திரத்தில் போடும் முன் தேக்கரண்டியில் கொட்டி, எவ்வளவு நிரம்புகிறது என்று பாருங்கள்.

அளவு மட்டும் போதாது. அடுப்பைப் பற்ற வைத்த நேரம், ஒவ்வொன்றையும் சேர்த்த நேரம், இறக்கிய நேரம் மூன்றையும் குறியுங்கள். வெங்காயம் "இரண்டு நிமிஷத்துல வதங்கிடும்" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடிகாரம் எட்டு நிமிடம் காட்டியது. ஆழ்ந்த பழுப்பாக, ஜாம் பதத்துக்குச் சுருள வதக்க 40 நிமிடம்கூட ஆகும். குறிப்பில் ஐந்து நிமிடம் என்று படித்தவர், ஐந்தாவது நிமிடம் நிறம் வராததைப் பார்த்துத் தீயைக் கூட்டுவார். ஓரமெல்லாம் கருகி, நடுவில் பச்சையாக நிற்கும்.

3. கப், கரண்டி, சிட்டிகை: எதை எப்படி எழுதுவது

"1 கப்" என்பது எல்லா ஊரிலும் ஒன்றல்ல. அமெரிக்கக் கப் சுமார் 240 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி. மற்ற இடங்களில் பெரும்பாலும் 15. குறிப்பின் தலையில் "இதில் 1 கப் = 240 மில்லி" என்று ஒரு வரி போட்டால் இந்தக் குழப்பம் தீரும். காபி குடிக்கும் கப்பைச் சொல்கிறீர்களோ என்ற சந்தேகமும் வராது.

மாவு வகைகளைக் கப்பில் மட்டும் எழுதாதீர்கள். கரண்டியால் தளர்வாகப் போட்டால் ஒரு கப் கோதுமை மாவு 120 கிராம். டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி எடுத்தால் 150 கிராம் வரும். ஒரே கப், கால் பங்கு வேறுபாடு. மாவு பிசையும்போது தண்ணீர் போதவில்லை என்று புதியவர்கள் திண்டாடுவது இதனால்தான்.

உப்புக்கும் அப்படியே. பொடி உப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம். செதில் செதிலாக இருக்கும் உப்பு அதே கரண்டியில் பாதி எடைதான் பிடிக்கும். ஆகவே "பொடி உப்பு 10 கிராம்" என்று வகையையும் சேர்த்து எழுதுங்கள். சரிபார்க்க ஒரு கணக்கு: குழம்பு, சூப் போன்றவற்றில் உப்பு மொத்த எடையில் 1 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும். 1,200 கிராம் குழம்புக்கு 10 கிராம் சரி. உங்கள் குறிப்பில் 25 கிராம் என்று வந்திருந்தால் எங்கோ தவறாகக் குறித்திருக்கிறீர்கள்.

"உப்பு தேவையான அளவு" என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எவ்வளவு தேவை என்பது தெரியாமல்தானே அவர் குறிப்பையே கையில் எடுத்திருக்கிறார். அளவைக் கொடுத்து, "இதில் 8 கிராம் முதலில், மிச்சத்தை ருசி பார்த்துக் கடைசியில்" என்று பிரித்து எழுதுங்கள். கூடின உப்பை எடுக்க முடியாது, குறைந்ததைச் சேர்க்கலாம்.

4. பொருள் பட்டியல்

பட்டியலில் பொருட்கள் அடுப்பில் விழும் வரிசையிலேயே வர வேண்டும். படிப்பவர் விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்குவார். விடுபட்டது உடனே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பொருளும் எந்த நிலையில் என்று எழுதுங்கள். "அரிசி 1 கப்" என்றால் பச்சையா, வெந்ததா? ஒரு கப் அரிசி வெந்தால் ஏறக்குறைய மூன்று கப் சாதம். பருப்புக்கும் பயறுக்கும் இதே சந்தேகம் வரும். "வேகாத மசூர் பருப்பு 200 கிராம்" என்றால் கேள்வியே இல்லை.

வெங்காயம் "பெரியது 2" என்று எழுதும்போது பக்கத்தில் எடையும் போடுங்கள். என் கண்ணுக்குப் பெரியது 150 கிராம். இன்னொருவர் வாங்குவது 300 கிராம் இருக்கும். நறுக்கும் அளவையும் சொல்லுங்கள்: "சுண்டு விரல் நக அளவு" என்றால் யாருக்கும் புரியும்.

ஒரே பொருள் இரண்டு இடத்தில் வருகிறதா? "எண்ணெய் 2 மேசைக்கரண்டி, இரண்டு முறையாக" என்று பட்டியலிலேயே எச்சரியுங்கள். இதைச் சொல்லாவிட்டால் முழுவதையும் முதலிலேயே ஊற்றிவிடுவார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்தார்கள்.

ஒவ்வாமை உண்டாக்கக்கூடியவற்றைத் தனியாகக் கீழே குறியுங்கள். பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், எள், சோயா, மீன், இறால் முதலியவை முக்கியமானவை. கடுகும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 பொருள் பட்டியலில் இருக்கிறது. மறைந்திருப்பவை இன்னும் ஆபத்து: சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு, கடையில் வாங்கும் பெருங்காயத்தூளில் பல நேரம் மாவு கலந்திருக்கும். சாப்பிடப் போகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் எழுதிவையுங்கள்.

5. முன்கூட்டியே செய்ய வேண்டியதை உச்சியில் எழுதுங்கள்

"ஊறவைத்த கொண்டைக்கடலை" என்று பட்டியலின் நடுவில் வருவதைப் படித்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு வெறும் கடலையோடு நிற்பவரை நினைத்துப் பாருங்கள். முந்தின இரவு ஊறவைப்பது, வெண்ணெயை வெளியே எடுத்து வைப்பது, மாவு புளிக்க விடுவது எல்லாம் தலைப்புக்கு அடுத்த வரியில் வர வேண்டும்.

நேரத்தையும் இரண்டாகப் பிரியுங்கள்: கை வேலை எவ்வளவு, காத்திருப்பது எவ்வளவு. நறுக்கும் நேரத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். பழகிய கைக்கு ஐந்து நிமிடம் என்றால் புதியவருக்குப் பதினைந்து.

6. செய்முறை: கை போகும் வரிசையில், காரணத்தோடு

ஒரு படியில் ஒரு வேலை. "வெங்காயம் வதக்கி, பூண்டு, தக்காளி சேர்த்து, மசிந்ததும் பருப்பில் கொட்டி" என்று ஒரே மூச்சில் எழுதினால், அதற்குள் மூன்று இடத்தில் நின்று பதம் பார்க்க வேண்டும் என்பது மறைந்துபோகும்.

வரிசைக்குக் காரணம் சொல்லுங்கள். காரணம் தெரியாத வரிசையைத்தான் ஆட்கள் மாற்றுவார்கள். "எல்லாம் வயித்துக்குள்ள ஒண்ணாதானே போகுது" என்று தோன்றும். என் குழம்பையே எடுத்துக்கொள்வோம்.

பருப்பு முதலில் தனியாக வேக வேண்டும். தக்காளியின் புளிப்பு பருப்பின் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை கரைவதைத் தாமதப்படுத்துகிறது. சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினத் தண்ணீரும் இதையே செய்யும். உப்பு அப்படித் தடுக்காது. உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்பதை நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வெங்காயத்துக்குப் பிறகுதான் பூண்டு. நறுக்கிய பூண்டு சூடான எண்ணெயில் ஒரு நிமிடத்துக்குள் நிறம் மாறிவிடும்; வெங்காயத்துக்கு எட்டு நிமிடம் வேண்டும். சேர்த்துப் போட்டால் வெங்காயம் வதங்குவதற்குள் பூண்டு கருகிக் கசக்கும். வெங்காயத்தோடு கொஞ்சம் உப்புச் சேர்ப்பது அதன் நீரை வெளியே இழுப்பதற்கு; நீர் விட்டால் சீக்கிரம் மெத்தென்று ஆகும், அடியும் பிடிக்காது.

எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகு. கொதியில் பிழிந்தால் அதன் மணம் ஆவியோடு போய்விடும், புளிப்பு மட்டும் தங்கும். இந்த நான்கு காரணங்களையும் எழுதினால் குறிப்பு நான்கு வரிதான் நீளும். படித்தவர் வரிசையை மாற்ற மாட்டார். இன்னொரு குழம்பு செய்யும்போதும் அந்த அறிவு கூடப் போகும்.

7. பதத்தை எழுதுவது

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள்.

"பச்சை வாசனை போகும்வரை வதக்கவும்." நம் சமையல் மொழியில் இதைவிடப் பழகிய வரி கிடையாது. ஆனால் பச்சை வாசனை எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்கு, அது போனது எப்படித் தெரியும்? ஒருமுறை பக்கத்து வீட்டுத் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தபோது, வாணலிக்கு மேல் குனிந்து குனிந்து முகர்ந்துவிட்டு, "அக்கா, எனக்கு எல்லாம் ஒரே வாசனையாத்தான் இருக்கு" என்றார். அன்றுதான் உறைத்தது. போடும் முன் பூண்டை முகரச் சொன்னேன்: மூக்கில் சுருக்கென்று ஏறும் காரம். ஒரு நிமிடம் வதங்கியபின் மீண்டும் முகரச் சொன்னேன்: காரம் அடங்கி, லேசான இனிப்பு. "ஆமாக்கா, இப்பத் தெரியுது" என்றார். முன்பும் பின்பும் இரண்டையும் எழுத வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஒவ்வொரு படிக்கும் கண், காது, மூக்கு, கை நான்கில் குறைந்தது இரண்டு அடையாளம் கொடுங்கள். ஒன்றைத் தவறவிட்டாலும் மற்றது பிடித்துக்கொடுக்கும்.

எண்ணெய் காய்ந்ததைச் சோதிக்க ஒரே ஒரு சீரகம் போடுங்கள். உடனே சுற்றிலும் நுரை கட்டிச் சுழன்றால் சரி, அடியில் சும்மா கிடந்தால் பொறுங்கள். புகை வந்தால் தாண்டிவிட்டது.

வெங்காயத்தில் "கண்ணாடி போல" என்பதும் "பொன்னிறம்" என்பதும் வேறு வேறு. முதலாவதில் துண்டின் வழியாக வாணலியின் அடி மங்கலாகத் தெரியும், கரண்டியால் அழுத்தினால் வளையும், மொறுமொறுப்பு இருக்காது. இரண்டாவதில் ஓரங்கள் முதலில் பழுத்து நிறம் உள்ளே பரவும். எது வேண்டும் என்று ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

தக்காளி மசிந்த பதத்தைக் காதால் கேட்கலாம். சேர்த்ததும் சளசளவென்று தண்ணீர்ச் சத்தம் இருக்கும். நீர் வற்ற வற்ற அது சொரசொரப்பான பொரியும் சத்தமாக மாறும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்கும், ஓரத்தில் எண்ணெய் பளபளக்கும். இதைத்தான் நாம் "எண்ணெய் பிரிந்து வரும்வரை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

பருப்பு வெந்ததைப் பார்க்க ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்குங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். பானையின் நடுவிலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று எடுத்துப் பாருங்கள்.

நேரத்தைப் பதத்துக்குப் பின்னால் எழுதுங்கள்: "ஓரம் பழுக்கும்வரை, சுமார் 8 நிமிடம்." நேரத்தை முன்னால் போட்டால் கண் கடிகாரத்தில் நிற்கும், வாணலியைப் பார்க்காது.

8. தீயும் பாத்திரமும்

"மிதமான தீ" என்பது கேஸ் அடுப்பில் ஒன்று, மின்சார அடுப்பில் வேறு, இண்டக்‌ஷனில் இன்னொன்று. அடுப்பின் எண்ணை எழுதாமல், பாத்திரத்துக்குள் நடப்பதை எழுதுங்கள். சிறுதீ என்றால் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் குமிழி மெதுவாக எழும். மிதமான கொதி என்றால் மேல் பரப்பெங்கும் குமிழி, ஆனால் தெறிக்காது. தளதளவென்ற கொதி என்றால் கிளறினாலும் அடங்காது.

பாத்திரத்தின் வாய் அகலத்தை அளந்து எழுதுங்கள். 20 சென்டிமீட்டர் வாயும் 28 சென்டிமீட்டர் வாயும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லாதது போல் தோன்றும்; பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. தண்ணீர் வற்றுவது அந்தப் பரப்பைப் பொறுத்தது. மூடி போட வேண்டுமா, பாதி திறந்தா, முழுக்கத் திறந்தா என்பதையும் சொல்ல வேண்டும்.

குக்கர் குறிப்புகளில் "3 விசில்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். குக்கரின் அளவு, உள்ளே இருக்கும் தண்ணீர், தீ மூன்றும் மாறினால் விசில் வரும் இடைவெளியும் மாறும். "முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 8 நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்கட்டும்" என்றால் எந்தக் குக்கருக்கும் பொருந்தும். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்குத் திறந்த பாத்திரத்தில் கூடுதல் நேரம் ஆகும்: ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை 1 டிகிரி குறைகிறது.

9. கட்டாயம் மாற்றக் கூடாத வரிகள்

காரத்தைக் கூட்டலாம், பூண்டை விடலாம். சிலவற்றில் மட்டும் கை வைக்கவே கூடாது; அவற்றைத் தனியாக, தடித்த எழுத்தில் எழுதுங்கள்.

ராஜ்மா எனப்படும் சிவப்பு அவரையைச் சரியாக வேகவைக்காவிட்டால் கடும் வாந்தி வரும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. கொதிநிலையைத் தொடாத மெதுவான சூட்டில் வைத்தால் அதன் நச்சு கூடவே செய்யும். கோழிக் கறியில் தடித்த பகுதியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும்.

மிச்சச் சாதத்தை அதிக நேரம் வெளியே வைக்கக் கூடாது. அரிசியில் இருக்கும் ஒரு வகைப் பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

10. தவறினால் என்ன செய்வது

புதியவர் கைவிடும் இடம் இது. உங்கள் பதார்த்தத்தில் வழக்கமாக நேரும் இரண்டு மூன்று தவறுகளுக்கு மாற்றுச் சொல்லுங்கள், போதும்.

குழம்பு தண்ணியாகிவிட்டதா? மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடச் சொல்லுங்கள். ஆறினால் பருப்பு இன்னும் இறுகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூட்டில் சரியாக இருப்பது, மேசைக்கு வருவதற்குள் கெட்டியாகிவிடும். உப்புக் கூடிவிட்டதா? உப்பில்லாத பருப்போ தண்ணீரோ சேர்ப்பதுதான் வழி. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். அது தன் பங்கு குழம்பைத்தான் உறிஞ்சும், மிச்சக் குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும். அடி பிடித்துவிட்டதா? கிளறவே கூடாது. மேலாக இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

பூண்டு கருகினால் மட்டும் மீட்க முடியாது. எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தாளியுங்கள். அதையும் தயங்காமல் எழுதுங்கள்.

11. எட்டுப் பேருக்கு என்றால்

பருப்பும் உப்பும் எடையில் இரண்டு மடங்கு. தண்ணீர் மட்டும் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக. வற்றும் பரப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. மிளகாயை ஒன்றரை மடங்கில் நிறுத்தி ருசி பாருங்கள். வெங்காயத்தை இரண்டு தடவையாக வதக்குங்கள். ஒரே வாணலியில் குவித்தால் அது விட்ட நீரிலேயே வெந்துபோகும், நிறம் வராது.

12. வேறொருவர் கையில் கொடுத்து, வாயைத் திறக்காமல் இருங்கள்

எழுதியதை, அந்தப் பதார்த்தத்தைச் செய்தே பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள். நீங்கள் அடுக்களையில் ஓரமாக உட்காருங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்லாதீர்கள், கேள்வியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்வியும் குறிப்பில் விடுபட்ட ஒரு வரி. (கை சுடும் நிலை வந்தால் சொல்லத்தான் வேண்டும்.)

கேள்வி கேட்காமல் தயங்கி நிற்கும் இடங்களையும் கவனியுங்கள். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் பதம் சரியாக எழுதப்படவில்லை. கை ஈரத்தோடு காகிதத்தைத் திரும்பத் திரும்பத் தேடினால் அந்தப் படி நீளம், இரண்டாக உடையுங்கள்.

அக்கா மகள் இரண்டாம் முறை செய்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "சித்தி, மிளகாயைக் கிள்ளிப் போடணுமா, முழுசாவா?" கீழே உள்ள குறிப்பில் அதற்கும் பதில் இருக்கிறது.

13. முடித்த குறிப்பு: மசூர் பருப்புத் தக்காளிக் குழம்பு

4 பேருக்கு. கை வேலை 20 நிமிடம், அடுப்பில் 30 நிமிடம், ஊறவைக்க வேண்டாம். 1 தேக்கரண்டி = 5 மில்லி, 1 மேசைக்கரண்டி = 15 மில்லி. 20 சென்டிமீட்டர் வாயுள்ள பாத்திரம் ஒன்று, வாணலி ஒன்று.

வேகாத மசூர் பருப்பு 200 கிராம். தண்ணீர் 900 மில்லி, தவிர 200 மில்லி வெந்நீர் கையிருப்பு. மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி. எண்ணெய் 2 மேசைக்கரண்டி. சீரகம் 1 தேக்கரண்டி. காய்ந்த மிளகாய் 2, கிள்ளாமல் முழுதாக. வெங்காயம் 1, நறுக்கியபின் 150 கிராம். பூண்டு 4 பல், பொடியாக நறுக்கியது. பழுத்த தக்காளி 3, நறுக்கியபின் 250 கிராம். பொடி உப்பு 10 கிராம், மூன்று முறையாக. எலுமிச்சை அரை மூடி.

முதல் படி: பருப்பைத் தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை கழுவவும். 900 மில்லி தண்ணீரும் மஞ்சளும் சேர்த்து அடுப்பில் வைக்கவும். கொதி வந்ததும் நுரை பொங்கும். அதைக் கரண்டியால் எடுத்துவிட்டு, தீயைக் குறைத்து, மூடியைப் பாதி திறந்து வைக்கவும். முழுக்க மூடினால் பொங்கி வழியும். விரலில் நசுக்கினால் வெள்ளைப் புள்ளி இல்லாமல் மசியும்வரை, சுமார் 15 முதல் 20 நிமிடம். பருப்புக்கு மேல் தண்ணீர் இல்லாமல் போனால் வெந்நீர் சேர்க்கவும்.

இரண்டு: பருப்பு வேகும்போதே வாணலியில் எண்ணெயைக் காயவிடவும். ஒரு சீரகம் நுரை கட்டிச் சுழன்றதும் மிச்சச் சீரகம், மிளகாய். மிளகாய் உப்பி, நிறம் அடர்ந்ததும் (அரை நிமிடம்கூட ஆகாது) வெங்காயமும் 3 கிராம் உப்பும். ஓரம் பழுக்கும்வரை, சுமார் 8 நிமிடம்.

மூன்று: பூண்டைச் சேர்த்து, மூக்கில் ஏறும் காரம் அடங்கும்வரை கிளறவும், ஒரு நிமிடம். உடனே தக்காளி. கரண்டியால் இழுத்த கோடு மூடாமல் நிற்கும்வரை, 6 முதல் 8 நிமிடம்.

நான்கு: வாணலியில் இருப்பதைப் பருப்பில் கொட்டவும். ஒரு கரண்டி பருப்பை வாணலியில் விட்டுச் சுழற்றி, ஒட்டியிருப்பதையும் வழித்துச் சேர்க்கவும். ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது. 5 கிராம் உப்புச் சேர்த்து, சிறுதீயில் 5 நிமிடம். கரண்டியிலிருந்து தாரையாக வழிய வேண்டும். சொத்தென்று விழுந்தால் வெந்நீர் சேர்க்கவும்.

ஐந்து: அணைத்து, இரண்டு நிமிடம் கழித்து எலுமிச்சை பிழியவும். பிழிந்த பிறகு ருசி பார்த்து, மீதி 2 கிராம் உப்பில் வேண்டியதைச் சேர்க்கவும். புளிப்பு வந்தபின் உப்பின் தேவை மாறும், அதனால்தான் இது கடைசி.

பரிமாறும் முன் மிளகாய் இரண்டையும் எடுத்துவிடவும். மிச்சம் இருந்தால் 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்கவும். மறுநாள் கட்டியாக இருக்கும். அரைக் குவளை வெந்நீர் விட்டு, ஆவி பறக்கும்வரை கிளறிச் சூடாக்கவும்.